கீல் நகரத்துப் பாய்மர விழாவும் நான் பெற்ற முதற்பரிசும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றம் நடத்திய பேச்சுப் போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. 'உலகுக்குத் தமிழன் தந்த கொடை' என்பது தலைப்பு. பேசிய ஏழு நிமிடத்தில் மூன்று முறை கைதட்டல் எழுந்தது. திருக்குறள் உரைநூல் ஒன்றும் சான்றிதழ் ஒன்றும் தந்தார்கள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு என் தாயார் வீட்டு முன்சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி பிழை. கைதட்டல் எழுந்த மூன்று இடங்களும் அந்தப் பிழையான பாதியில்தான் இருந்தன. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. மலர்க்குழுவின் பேராசிரியரிடம் தயக்கத்தோடு கேட்டபோது, "பரிசைத் திருப்பிக் கேட்கமாட்டோம், துணிந்து எழுது" என்று சிரித்தார்கள். துணிந்துவிட்டேன்.

கதை ஒரு தொலைபேசிப் படத்திலிருந்து தொடங்குகிறது. எங்கள் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் நம் கல்லூரியிலேயே இயற்பியல் படித்துத் தேறி, இப்போது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் மேற்படிப்புப் படிக்கிறார். ஜூன் மாதக் கடைசியில் ஒரு வார விடுமுறைக்கு, அறை நண்பர்கள் மூவரோடு கீல் என்னும் துறைமுக நகருக்குப் போயிருக்கிறார். ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். மாணவர் பயணச்சீட்டு இருந்ததால் ரயிலுக்குத் தனிச்செலவு இல்லை. எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனார்களாம். இரவு நண்பரின் நண்பர் ஒருவர் அறையில் நான்கு பேரும் தரையில் படுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் நம் மனம் கட்டும் கோட்டைகளுக்கும் இதற்கும் வெகுதூரம்.

அங்கே ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் 'கீலர் வோக' என்று ஒரு விழா. கீல் வாரம் என்பது பொருள். பெயர் வாரமே தவிர, சனிக்கிழமை தொடங்கி மறுவார ஞாயிறுவரை நீள்கிறது. உலகின் மிகப் பெரிய பாய்மர விழாக்களில் ஒன்று. வருவோர் தொகையை ஏறத்தாழ முப்பது லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். கரையில் கடைகள், பாட்டு, கூத்து, கடலில் போட்டிகள். இரண்டாம் சனிக்கிழமை ஏறத்தாழ நூறு பெரிய பாய்க்கப்பல்கள் வரிசையாக நகரை விட்டுக் கடலை நோக்கிப் போகும். அண்ணனும் நண்பர்களும் பார்த்தது அந்த ஊர்வலத்தை. கீல் நகரம் ஓர் ஒடுங்கிய வளைகுடாவின் உள்முனையில் இருக்கிறது. சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்ப்பரப்பின் இரு கரைகளிலும் மக்கள் நின்றும் புல்லில் அமர்ந்தும் பார்க்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது. அது வடக்கே 54 பாகையில் இருக்கும் நகரம். ஜூனில் இரவு பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கிறது. நெடுநேரம் கரையிலேயே இருந்துவிட்டு, ரொட்டிக்குள் மீன் வைத்து விற்பதை ஆளுக்கொன்று வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

மறுநாள் போட்டிகளைப் பார்க்கப் போனபோது, இரட்டை உடல் கொண்ட படகுகள் சீறிப் போவதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "தம்பி, இதுக்கு இங்க என்ன பேர் தெரியுமா? கட்டமரான்! நம்ம கட்டுமரம்!"

போதாதா எனக்கு? போட்டி மேடையில் ஏறி முழங்கினேன். தமிழன் கட்டிய கட்டுமரம் இன்று ஐரோப்பியக் கடலில் ஓடுகிறது என்றேன். கைதட்டல். ஒலிம்பிக் பந்தயத்திலேயே தமிழன் படகு ஓடுகிறது என்றேன். கைதட்டல். கடாரம் கொண்டவன் வழிவந்த கலம் என்றேன். பெருங்கைதட்டல். நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது வரலாற்றுத்துறைப் பேராசிரியர் ஒருவர் மட்டும் தோளைத் தொட்டு, "தம்பி, 1025-இல் ராஜேந்திரன் படை கடாரத்துக்குக் கட்டுமரத்திலா போயிருக்கும்? யானையையும் குதிரையையும் எங்கே கட்டுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சங்கப் பாடல்களிலேயே நாவாய் என்றும் வங்கம் என்றும் பெருங்கலங்களுக்குத் தனிப்பெயர் உண்டென்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மேடையில் வசதியாக மறந்துபோனேன். பரிசு கையில் இருந்ததால் அந்தக் கேள்வியும் அன்று உறைக்கவில்லை.

உறைத்தது வீட்டில்.

என் தந்தை மீன்பிடிக்கிறவர். பன்னிரண்டு வயதில் கட்டுமரத்தில் ஏறியவர். இப்போது ஃபைபர் படகில் போகிறார். பரிசு வாங்கி வந்த மாலையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சின் சாரத்தைச் சொல்லி, அண்ணன் அனுப்பிய படத்தையும் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"எந்த ஊரு இது?"

"கீல்."

"கீலா? படகுக்குப் பூசுற கீலா?"

படகின் இடுக்கை அடைக்கப் பூசும் தாருக்குத் தமிழில் கீல் என்று பெயர் உண்டல்லவா, அதைக் கேட்டார். (இதை வைத்துக்கொண்டு கீல் நகரம் தமிழர் கண்ட நகரம் என்று அடுத்த ஆண்டுப் போட்டியில் யாரும் கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) பிறகு, "இதுல எந்த மரத்தடா எந்த மரத்தோட கட்டியிருக்கான்?" என்றார்.

நான் பேசவில்லை.

"ரெண்டு ஓடத்தத் தள்ளித் தள்ளி வச்சு நடுவுல பாலம் போட்டிருக்கான். நல்லாத்தான் ஓடுது. ஆனா இது கட்டுமரம் இல்ல."

"பேரு அதுதாம்பா."

"பேரு அதா இருந்தா? உனக்கு ராசான்னு பேரு வச்சா நீ ராசா ஆயிடுவியா?"

சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "பாரு, இப்பத் திருப்புவான்" என்றார். இரண்டு நொடி கழிந்திருக்கும். படத்தில் அந்தப் படகு சட்டென்று மறுபக்கம் திரும்பிற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படிப்பா தெரியும்?"

"பாயோட ஓரம் படபடன்னு அடிக்குது பாரு. இதுக்கு மேல காத்துக்குள்ள போக முடியாது. அந்தாண்ட திருப்பித்தான் ஆவணும்."

அந்தப் படத்தை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன். பாயின் ஓரம் படபடத்ததை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அன்றிரவு எனக்கு வந்த வெட்கத்தை எழுத இது இடமன்று. மறுவாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

'கட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் கட்டுமரத்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆங்கில அகராதிகளே ஒப்புகின்றன. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் மரமிதவைகளை இந்தப் பெயராலேயே குறிக்கிறார். அவர் கண்டது நம்முடைய கட்டுமரம்தான். ஆயின் அதற்குப் பிறகு அந்தச் சொல் நம் கையைவிட்டுப் போய்விட்டது. ஆங்கிலேயர் அதை எந்த மிதவைக்கும் சூட்டினர். 1804-இல் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க, வெடிமருந்து நிரப்பிய மிதக்கும் பெட்டிகளை அனுப்பினார்கள். அவற்றுக்கும் கட்டமரான் என்றே பெயர். சண்டைக்காரப் பெண்ணையும் ஒரு காலத்தில் இப்படி அழைத்திருக்கிறார்கள். உலகுக்குத் தமிழன் தந்த கொடையில் இதையும் சேர்த்துக்கொள்வதா என்பதைத் தமிழ் மன்றம் முடிவு செய்யட்டும்.

இரட்டை உடல் படகு வேறு வழியில் வந்தது. இரண்டு ஓடங்களை இணைத்து நடுவே மேடை அமைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். 1976-இல் ஹவாயிலிருந்து தாகித்தித் தீவுவரை, 'ஹோகுலேயா' என்னும் அத்தகைய படகை, எந்தத் திசைக்கருவியும் இன்றி விண்மீனையும் அலையையும் பார்த்தே ஓட்டிச் சென்றார்கள். வழிகாட்டியவர் சாதாவல் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். அதற்குச் சரியாக நூறாண்டு முன்பு, 1876-இல், நதானியல் ஹெர்ரசாஃப் என்னும் அமெரிக்கப் படகுப் பொறியாளர் இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' படகை நியூயார்க் பந்தயத்தில் இறக்கி, ஒற்றை உடல் படகுகளையெல்லாம் பின்தள்ளினார். தோற்றவர்கள் கூச்சலிட்டனர்; பரிசு அவருக்கு மறுக்கப்பட்டது. (என்னைப் போலன்றி, தகுதியுடைய பரிசை இழந்தவர்.) அடுத்த ஆண்டு அமைப்புரிமைக் காப்பும் பெற்றார். ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை ஓடிய டார்னடோ படகும், 2016 முதல் ஓடும் நாக்ரா 17 படகும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகளே. இவற்றில் எந்த மரமும் எந்த மரத்தோடும் கட்டப்படவில்லை. என் தந்தை ஒரே பார்வையில் சொன்னதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெயரும் பொருளும் இப்படிப் பிரிந்து போவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கீல் நகரத்துக்கே ஒன்று உண்டு. 'கீல் ஸ்ப்ராட்' என்று புகையிட்டுப் பதப்படுத்திய சிறுமீன் ஜெர்மனி முழுவதும் புகழ்பெற்றது. நம் சாளையின் தம்பி போலிருக்கும் அந்த மீனைப் புகையிட்டவர்கள் பக்கத்திலுள்ள எக்கர்ன்ஃபோர்ட என்னும் சிற்றூர்க்காரர்கள்; பெட்டிகள் கீல் ரயில்நிலையத்தில் முத்திரை பெற்று வெளியூர் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். புகையில் நின்றவன் ஒருவன், பெயர் பெற்றது முத்திரை குத்திய ஊர்.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். 'நம்முடையது' என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் பல பொருள்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் மார்தட்டுவதில்லை, அவர்களுக்கு மேடையும் கிடைப்பதில்லை.

நம் கட்டுமரம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். கீல் வளைகுடா மூன்று புறமும் நிலம் அணைத்த அமைதியான நீர். அங்கே எந்தப் படகையும் மெல்லத் தள்ளி ஏறலாம். நம் சோழமண்டலக் கரை திறந்த மணற்கரை. துறைமுகமாக ஒதுங்க ஒரு மடிப்பில்லை. கரையிலேயே அலை உடைகிறது. உள்ளே குழிந்த படகானால் முதல் அலையிலேயே நீர் நிரம்பும். கட்டுமரத்துக்குக் குழியே கிடையாது. ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். மூழ்கடிக்க முடியாத கலம் அது. மிதப்பதற்கு அதன் வடிவம் காரணமன்று, மரத்தின் அடர்த்தியே காரணம். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நாம் இரும்புக் கப்பலை வைத்தே படிக்கிறோம். கட்டுமரத்தை வைத்துப் படித்தால் இன்னும் தெளிவாக விளங்கும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் தாழும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் படகைப் புதிதாகக் கட்டினார்கள் என்றே சொல்லலாம்.

பாயின் கதை இன்னும் நயமானது. காற்று போகும் திசையில் பாய்மரம் போவதில் வியப்பில்லை. எதிர்க்காற்றில் எப்படி முன்னேறுகிறது? விசைகளைக் கூறுபடுத்தும் பாடத்தில் நமக்கு இது ஒரு கேள்வி. பாய் மீது காற்று தரும் விசையில் ஒரு கூறு படகைப் பக்கவாட்டில் தள்ளும், மறு கூறு முன்னே தள்ளும். பக்கவாட்டுத் தள்ளலைத் தடுக்க ஏதாவது நீருக்குள் இறங்கியிருக்க வேண்டும். பெரும்படகுகளில் அடித்தண்டு அந்த வேலையைச் செய்கிறது. தட்டையான கட்டுமரத்தில் எது செய்யும் என்று தந்தையிடம் கேட்டேன். "பலகை எறக்குவோம்ல" என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. பக்கத்தில் செங்குத்தாக ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்களாம். எதிர்க்காற்றில் ஆழமாக, பின்காற்றில் மேலே தூக்கி. எத்தனை ஆழம் என்பது காற்றைப் பொறுத்தது, காற்றின் பெயரைப் பொறுத்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் நமக்குத் தெரியும். இவற்றின் நடுவே நேரத்துக்கும் மாதத்துக்கும் தக்கபடி அவர் சொன்ன பெயர்களை நான் அதுவரை கேட்டதே இல்லை. அவர் மகனாகப் பிறந்து இருபதாண்டு ஆகிறது.

இதில் என் குற்றமும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'கடல் என்னோடு போகட்டும்' என்றுதான் தந்தை என்னைப் படிக்க வைத்தார். எனக்கும் கடலுக்குப் போகும் எண்ணம் இல்லை. பொய் சொல்லி நல்லபெயர் வாங்க விரும்பவில்லை. மோட்டார் வந்தபின் பாய் போயிற்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது கட்டுமரமும் பெரும்பாலும் போயிற்று. இதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. மோட்டார் படகில் தந்தை விரைவாக வீடு திரும்புகிறார்; என் தாயார் காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆனால் பாய் அறிந்த கடைசித் தலைமுறை அவர்களுடையது. அந்த அறிவை வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆளில்லை. ஆளில்லாத இடத்தில்தான் நான் மேடையேறி முழங்கினேன்.

இந்த எண்ணத்தோடு கீல் விழாவை மறுபடி பார்த்தேன். என் வணிகவியல் நண்பர் ஒருவர், "அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?" என்கிறார். முழுவதும் மறுக்க முடியவில்லை. 1882 ஜூலை 23-இல் இருபது படகுகளோடு தொடங்கிய அந்தப் பந்தயம் விரைவிலேயே பேரரசன் இரண்டாம் வில்ஹெல்மின் ஆடம்பரக் களமாயிற்று. 'மீட்டியர்' என்று பெயரிட்ட படகுகளில் அவனே பந்தயம் ஓட்டுவான்; சுற்றிலும் போர்க்கப்பல்கள் அணிவகுக்கும். வடகடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயை 1895-இல் திறந்தவனும் அவனே. 1914 ஜூன் 28 அன்று கீல் வாரம் நடந்துகொண்டிருந்தது. விருந்தினராக ஆங்கிலப் போர்க்கப்பல்களும் வந்திருந்தன. வில்ஹெல்ம் படகோட்டிக்கொண்டிருந்தபோது, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசன் சுடப்பட்ட செய்தியை விசைப்படகில் கொண்டுவந்து, சிகரெட் பெட்டிக்குள் சீட்டாக வைத்து அவன் படகில் எறிந்தார்கள். விழா அத்தோடு நின்றது. ஐந்தே வாரத்தில், விருந்துக்கு வந்தவர்களும் விருந்திட்டவர்களும் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள்.

நான்காண்டு கழித்து அதே கீலில்தான், வெற்றிக்கு வழியில்லாத கடைசிப் போருக்குப் போக மறுத்த மாலுமிகள் எழுந்தார்கள். கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்தனர். 1918 நவம்பர் 3 அன்று ஊர்வலத்தின்மீது துப்பாக்கி வெடித்தது. மறுநாள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. 9-ஆம் தேதி வில்ஹெல்மின் முடி இறங்கிற்று. பந்தயப் படகில் அவன் பவனி வந்த நீரில், அவன் கப்பலுக்குக் கரி அள்ளிக் கொட்டியவர்களே அவன் ஆட்சியை முடித்துவைத்தார்கள். விழாவைப் பார்க்கப் போகிறவர் இதை அறிந்து போனால் கடலைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அண்ணனுக்குத் தெரியவில்லை, நான் சொன்னபின், "நாங்க சோறு சாப்பிட்ட இடத்திலயா?" என்று கேட்டு எழுதினார்.

கீல் இன்றும் போர்த்தொழிலை விட்டுவிடவில்லை. நீர்மூழ்கிகள் அங்கே கட்டப்படுகின்றன. நம் கடற்படையில் 1986-இல் சேர்ந்த சிசுமார், சங்குஷ் இரண்டும் அங்கே கட்டியவைதாம். 'கோர்ச் ஃபாக்' என்னும் ஜெர்மானியக் கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பலைச் செப்பனிடச் சுமார் ஒரு கோடி யூரோ என்று மதிப்பிட்டுத் தொடங்கி, 2021-இல் முடித்தபோது பதின்மூன்றரைக் கோடி யூரோ ஆகியிருந்தது. மதிப்பீட்டை மீறுவதில் நாம் தனியாக இல்லை என்பதில் சிறு ஆறுதல்.

இவ்வளவு குறையிருந்தும் ஒன்றை அவர்களிடம் மதிக்கிறேன். பழைய பாய்க்கப்பல்களை அவர்கள் பாட்டாகவும் பட்டிமன்றமாகவும் வைத்திருக்கவில்லை, மிதக்க வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் மாலையில் போய்ச் சுரண்டி, பூசி, கயிறு பின்னி வைத்திருக்கும் கலங்கள் அந்த ஊர்வலத்தில் பல. கணக்கரும் ஆசிரியரும் பாய் ஏற்றக் கற்றிருக்கிறார்கள். பொருள் இருக்கிறது, பொருளைக் கையாளத் தெரிந்த கை இருக்கிறது. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

இங்கே இதைச் சொன்னதும் நண்பர்கள் ஒரே குரலில், "நாமும் கட்டுமர விழா எடுப்போம்" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தந்தையிடமும் கேட்டுப் பார்த்தேன். "விழா எடுத்தா மைக் செட்டு வரும், மாலை வரும், பேசுறவன் வருவான். பாய் எங்கேருந்துடா வரும்?" என்றார். உண்மை. எங்கள் ஊர் முழுதும் தேடியதில் ஒரே ஒரு பாய் கிடைத்தது. ஒரு வீட்டில் பழைய வலைக்குவியலை மூடியிருந்தார்கள். எலி கடித்த ஓட்டைகள். மூலையில் கயிறு கோத்த தடம் மட்டும் நல்லபடியாக இருக்கிறது. கட்டுமரங்கள் மூன்று இருக்கின்றன. இரண்டில் கோழி அடைகாக்கிறது.

ஆகவே விழா பின்னால் இருக்கட்டும். இயற்பியல் துறையில் நாங்கள் இருவரும், வரலாற்றுத் துறையில் ஒருவரும் சேர்ந்து வேறொன்று தொடங்கியிருக்கிறோம். பாயின் பகுதிகள், கயிற்று முடிச்சுகள், காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள் ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, சொன்னபடியே எழுதுகிறோம். இதுவரை 63 சொற்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்கின்றன. பெரியவர்கள் இருவர் ஒரே முடிச்சுக்கு வெவ்வேறு பெயர் சொல்லிச் சண்டையிட்டுக்கொண்டார்கள், இரண்டையும் எழுதிக்கொண்டோம். அடுத்து, அந்தப் பாயைத் தைத்து, நல்ல நிலையில் உள்ள கட்டுமரத்தில் ஏற்றி, எதிர்க்காற்றுக்கு எத்தனை பாகைவரை போகிறது என்று அளக்க எண்ணம். கீலில் ஓடும் பந்தயப் படகுகள் காற்றுத் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை நெருங்கிப் போகும். நம்முடையது அவ்வளவு நெருங்காது என்று நினைக்கிறேன். தந்தை "நெருங்கும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கோணமானி சொல்லும். தோற்றால் அதையும் அடுத்த மலரில் எழுதுவேன்.

தையலுக்குத் தடித்த ஊசியும் துணியும் வேண்டும். துறைத்தலைவர் துணிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பமுள்ள மாணவர்கள் எந்தத் துறையினராயினும் வரலாம். அமாவாசையன்று எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை. தந்தை கரையில்தான் இருப்பார். காலை ஆறு மணிக்குள் வந்தால் வெயிலுக்கு முன் தைக்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து கிழக்கே நடந்தால், மீன் காயப்போடும் திடலைத் தாண்டி மூன்றாவது வீடு எங்களுடையது. முன்சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்கும். அம்மா அதைக் கழற்ற மாட்டேன் என்கிறார்கள்.